புகைப்படக் குழுக் கண்காட்சி: போகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சமகாலப் புகைப்படக் கலை, அதுவும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வைக்கிற கண்காட்சி என்றதும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்கிற கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றுக்கான பதில்கள் இவை. உதாரணத்துக்கு அடிக்கடி சென்னை போட்டோ பியனாலே (சில வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் புகைப்பட விழா) பக்கம் போவேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் இந்த மாதிரிக் கண்காட்சியைப் பெரிய அளவில் பார்க்க அதுதான் நல்ல வாய்ப்பு.

பலர் எடுத்த படங்களை ஒரே ஹாலில் மாட்டினால் அது குழுக் கண்காட்சிதானே? இதில் என்ன விசேஷம்?

மாட்டுவது மட்டும் என்றால் போட்டோ கிளப்பின் ஆண்டுக் கண்காட்சியும் அதுதான். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, மெட்ராஸில் புகைப்படச் சங்கம் 1850களிலேயே தொடங்கிவிட்டது, பெரிய மரபு. ஆனால் கிளப் கண்காட்சியில் ஒவ்வொரு படமும் தனியாக நின்று பரிசுக்குப் போட்டி போடும். நான் சொல்லும் வகையில் க்யூரேட்டர் என்று ஒருவர் இருப்பார், அவருக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கும், அதற்காகத்தான் இந்தப் பத்துப் பேரைக் கூப்பிட்டிருப்பார். எந்தப் படம் எதற்குப் பக்கத்தில் வருகிறது என்பதிலேயே பாதிப் பேச்சு நடந்துவிடும்.

உலகத்திலேயே பேர்போன உதாரணம் 'தி ஃபேமிலி ஆஃப் மேன்'. 1955-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் ஸ்டைகன் வைத்தது. 68 நாடுகள், 273 புகைப்படக்காரர்கள், 503 படங்கள். காதல், பிரசவம், உழைப்பு, பசி, சாவு என்று அடுக்கிக்கொண்டே போய், மனிதர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று சொன்னது. இந்தியா உட்பட பல நாடுகளைச் சுற்றியது, 90 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள், இப்போது லக்ஸம்பர்க்கில் கிளெர்வோ கோட்டையில் நிரந்தரமாக இருக்கிறது. அதைப் பார்த்த ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு விமர்சகருக்கு எரிச்சல் வந்தது. எல்லோரும் பிறக்கிறோம், எல்லோரும் சாகிறோம், சரி, ஆனால் யார் வீட்டுக் குழந்தை பிழைக்கிறது, யார் எதனால் சாகிறார் என்பதைக் கேட்காமலே விட்டுவிட்டால் எப்படி என்பது அவர் வாதம். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த 273 பேரில் யாரும் 'ஒரே குடும்பம்' என்று சொல்வதற்காகப் படம் எடுக்கவில்லை. சொன்னவர் அடுக்கியவர். குழுக் கண்காட்சிக்குள் நுழையும்போது நீங்கள் முதலில் தேட வேண்டியது இந்த அடுக்கியவரைத்தான்.

எனக்கு அழகான படங்கள் பிடிக்கும். இங்கே ஏன் காலிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, கிடங்கு என்று மாட்டி வைக்கிறார்கள்?

இந்தக் கேள்வி 1975-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் வில்லியம் ஜென்கின்ஸ் என்ற க்யூரேட்டர் 'நியூ டோபோகிராஃபிக்ஸ்' என்று ஒரு கண்காட்சி வைத்தார். நிலக்காட்சி என்றால் மலை, அருவி, மேகம் என்று பழகியிருந்த ஊரில், புதிதாக முளைத்த புறநகர் வீடுகள், தொழிற்பேட்டைகள், கார் நிறுத்தும் இடங்கள், எந்த அலங்காரமும் இல்லாமல். வந்தவர்களில் பலருக்குச் சலிப்பு. இன்றைக்கு அந்தக் கண்காட்சி இல்லாமல் நிலக்காட்சிப் புகைப்பட வரலாற்றை எழுத முடியாது.

அதில் இருந்தவர்களில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற ஜெர்மன் தம்பதியும் உண்டு. 1959 வாக்கில் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டி, சுரங்கக் கோபுரம், இரும்பு உலை என்று எடுத்துத் தள்ளினார்கள், எப்போதும் மங்கிய வானம், எப்போதும் நேர் எதிரே நின்ற கோணம், கறுப்பு வெள்ளை. ஒரு தொட்டியைத் தனியாகப் பார்த்தால் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. ஒன்பதைக் கட்டம் கட்டமாக மாட்டிப் பார்த்தால் கண் தானாக ஒப்பிட ஆரம்பிக்கிறது: இதற்குத் தொப்பி, அதற்கு மூன்று கால், இது ஏன் இவ்வளவு குண்டு? நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டிகளை யாராவது மாவட்டம் மாவட்டமாக இப்படி எடுத்தால் நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

அதனால், தனிப்படமாகப் பார்த்து 'இதில் என்ன இருக்கிறது' என்று கேட்காமல், இதே கையெழுத்தில் இன்னும் எத்தனை படம் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சமகாலப் புகைப்படத்தில் பெரும்பாலும் வரிசைதான் படைப்பு. ஒரு படம் ஒரு வரி மாதிரி, அவ்வளவே.

இதை என் போனிலேயே எடுத்திருப்பேனே?

எடுத்திருப்பீர்கள்தான். அதில் வெட்கப்பட உங்களுக்கும் ஒன்றும் இல்லை, கலைஞருக்கும் ஒன்றும் இல்லை, ஷட்டரை அழுத்துவது இன்றைக்கு ரொம்பச் சின்ன வேலை. கௌரி கில் என்ற புகைப்படக் கலைஞர் 1999-ல் ராஜஸ்தான் கிராமங்களுக்குப் போக ஆரம்பித்தவர், அதே மனிதர்களிடம், அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருந்தார். அந்தத் தொகுப்புக்கு 2023-ல் பிரி பிக்டே என்ற சர்வதேசப் புகைப்படப் பரிசு கிடைத்தது. தனித்தனியாகப் பார்த்தால் அதில் சில படங்கள் குடும்ப ஆல்பத்தில் இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் நடுவில் எத்தனை பஞ்சம், எத்தனை கல்யாணம் என்று நினைத்துப் பார்த்தால் போன் கேள்வி தானாகக் காணாமல் போகும்.

அதே சமயம், சுவரில் மாட்டிவிட்டாலே எல்லாம் கலை என்றும் இல்லை. ஒப்புக்கு வைத்த படங்கள் ஒவ்வொரு குழுக் கண்காட்சியிலும் இரண்டு மூன்றாவது இருக்கும்.

சென்னையில் எங்கே, எப்போது பார்க்கலாம்?

சென்னை போட்டோ பியனாலே முதலில் நடந்தது 2016-ல், பிறகு 2019, அப்புறம் 2021 கடைசியிலிருந்து 2022 வரை, நான்காவது 2024 டிசம்பரிலிருந்து 2025 மார்ச் வரை. பெயர்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, கணக்குப் போட்டால் இடிக்கும், நடுவில் கொரோனா வேறு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கருப்பொருள் உண்டு. 2019-க்கு 'ஃபானா ஆஃப் மிரர்ஸ்', க்யூரேட்டர் புஷ்பமாலா என். என்ற கலைஞர்; கண்ணாடிக்குள் வாழும் உயிர்களைப் பற்றிய பழைய சீனக் கதையிலிருந்து எடுத்த பெயர். அந்த வருஷம் மெரினாவுக்கு எதிரே பல்கலைக்கழக செனட் ஹவுஸிலும் படங்கள் இருந்தன. சிஸோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் கட்டிய அந்தக் கட்டடத்தைப் பார்க்கவே தனியாகப் போகலாம். 2021-க்கு 'மேப்ஸ் ஆஃப் டிஸ்கொயட்', அதாவது அமைதியின்மையின் வரைபடங்கள், 2024-க்கு 'ஒய் ஃபோட்டோகிராஃப்?', அதாவது ஏன்தான் படம் எடுக்கிறோம் என்ற கேள்வியே தலைப்பு.

பியனாலே இல்லாத மாதங்களில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம், முட்டுக்காடு தட்சிணசித்ரா, நுங்கம்பாக்கத்தில் கோதே நிலையம், அலியான்ஸ் பிரான்சேஸ் இவற்றின் நிகழ்ச்சிப் பட்டியலைக் கவனித்துக்கொண்டிருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஏதாவது நடந்தால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. டிசம்பர் முதல் மார்ச் வரை எல்லாம் ஒரேயடியாக வந்து விழும், மார்கழிக் கச்சேரி, புத்தகக் கண்காட்சி, இது என்று. மே மாதத்தில் தேடினால் வெயில்தான் கிடைக்கும்.

டிக்கெட் எவ்வளவு? நன்றாக உடுத்திக்கொண்டு போகணுமா? ஏதாவது வாங்கச் சொல்வார்களா?

பெரும்பாலும் இலவசம். அருங்காட்சியகம், தட்சிணசித்ரா போன்ற வளாகங்களுக்குள் நடந்தால் அந்த இடத்துக்கான நுழைவுச்சீட்டு இருக்கலாம். லுங்கி தவிர எதில் வேண்டுமானாலும் போங்கள் என்று எழுத நினைத்தேன், லுங்கியிலும் போகலாம். யாரும் எதையும் வாங்கச் சொல்ல மாட்டார்கள். வாசலில் ஒரு நோட்டில் பெயரும் போன் நம்பரும் கேட்பார்கள், எழுதாமலும் உள்ளே போகலாம். செருப்பு வசதியாக இருக்கட்டும், ஏனென்றால் கேலரிகளில் உட்கார இடம் வைப்பது என்ற எண்ணமே நம்ம ஊரில் பலருக்கு இன்னும் வரவில்லை.

சுவரில் ஒட்டியிருக்கும் பெரிய கட்டுரையை முதலில் படிக்கணுமா?

என் வழி இது. வாசலில் இருக்கும் அறிமுகத்தில் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஒரு சுற்றுச் சுற்றி, எது இழுத்தது என்று தெரிந்த பிறகு திரும்ப வந்து முழுசாகப் படிப்பேன். முதலிலேயே எல்லாம் படித்துவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது, எழுத்தில் சொன்னதைப் படத்தில் சரிபார்க்கிற குமாஸ்தா வேலைதான் மிஞ்சும். ஒன்றுமே படிக்காமல் வருவதும் வீம்பு. சில படங்களுக்குத் தகவல் இல்லாமல் பாதிதான் கிடைக்கும், வெறும் மைதானமாகத் தெரிவது புதைகுழி இருந்த இடமாக இருக்கலாம்.

அந்தக் கட்டுரைகளின் நடை பற்றி ஒரு வார்த்தை. பல நேரம் அவை புரியாமல் இருப்பது உங்கள் குற்றமில்லை. ஆங்கிலத்தில் கரடுமுரடாக எழுதியதை அப்படியே தமிழில் இறக்கியிருப்பார்கள், அல்லது தமிழே இருக்காது. 'உடல்', 'வெளி', 'நினைவு' என்ற மூன்று சொற்களையும் எடுத்துவிட்டால் நிற்கவே நிற்காத கட்டுரைகள் உண்டு. அப்படி இருந்தால் அங்கே நிற்கும் தன்னார்வலரைக் கேளுங்கள். பெரும்பாலும் கலைக் கல்லூரி மாணவர்கள், யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருப்பார்கள்.

எல்லாப் படங்களையும் பார்த்தே ஆகணுமா? எவ்வளவு நேரம் ஆகும்?

கூடாது என்றே சொல்வேன். கல்யாணப் பந்தியில் இலையில் வைத்ததையெல்லாம் தீர்க்க வேண்டும் என்று உட்கார்ந்தால் பாயசம் வரும்போது வயிற்றில் இடம் இருக்காது. முதலில் பதினைந்து நிமிஷம் வேகமாக ஒரு நடை. அதில் எந்த இடத்தில் கால் தயங்கியதோ அந்த இரண்டு மூன்று பேரின் வேலைகளுக்கு மட்டும் திரும்பி வாருங்கள், மிச்ச நேரம் முழுவதையும் அங்கே கொடுங்கள். ஒரு வரிசையின் முன் பத்து நிமிஷம் நிற்பது முதலில் கூச்சமாக இருக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். நில்லுங்கள். மூன்றாவது நிமிஷத்துக்கு மேல்தான் ஓரத்தில் இருப்பது தெரியும்: கதவுக்குப் பின்னால் நிற்கும் ஆள், காலண்டரில் இருக்கும் தேதி, படம் எடுத்தவரின் நிழல்.

பிடித்ததில் மட்டும் நின்றால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எரிச்சல் மூட்டிய ஒன்றையும் தேர்ந்தெடுத்து அங்கேயும் நில்லுங்கள். அப்புறம் க்யூரேட்டர் இந்த இரண்டையும் ஏன் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார் என்று யோசித்தால் கண்காட்சி பிடிபடத் தொடங்கும்.

படத்துக்குக் கீழே லேபிளில் இருப்பதெல்லாம் என்ன?

பெயர், தலைப்பு, வருஷம், பிரிண்ட் வகை, அளவு, சில நேரம் எடிஷன். 'ஆர்க்கைவல் பிக்மென்ட் பிரிண்ட்' என்றால் நல்ல இங்க்ஜெட் பிரிண்டரில், சீக்கிரம் மங்காத மையும் காகிதமும் வைத்து எடுத்தது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், இன்றைக்கு முக்கால்வாசி அதுதான். 'சில்வர் ஜெலட்டின்' என்றால் இருட்டறையில் ரசாயனத்தில் கழுவிய கறுப்பு வெள்ளை. 'சயனோடைப்' என்று இருந்தால் படம் நீலமாக இருக்கும், 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை, வெயில்தான் அதற்கு விளக்கு, சென்னையில் அதற்குப் பஞ்சமே இல்லை. எடிஷன் '2/5' என்று போட்டிருந்தால் மொத்தம் ஐந்து பிரிண்ட் மட்டும் விற்பதாக உறுதி, இது இரண்டாவது. எத்தனை வேண்டுமானாலும் பிரிண்ட் போடக்கூடிய ஒரு பொருளுக்கு விலை வர வேண்டுமே, அதற்காக வியாபாரம் செய்துகொண்ட ஏற்பாடு.

லேபிளில் நான் எப்போதும் தேடுவது வருஷம். படம் எடுத்த வருஷமும் பிரிண்ட் போட்ட வருஷமும் தனித்தனியாக இருந்தால், நடுவில் இத்தனை நாள் ஏன் அது பெட்டிக்குள் இருந்தது என்று கேட்கத் தோன்றும்.

சில படங்கள் சுவர் அளவு, சில தீப்பெட்டி அளவு. ஏன் இந்த விளையாட்டு?

விளையாட்டில்லை, போன் திரைக்கும் கண்காட்சிக்கும் உள்ள பெரிய வித்தியாசமே அதுதான். திரையில் எல்லாம் ஒரே அளவு, சுவரில் உங்கள் உடம்பும் கணக்கில் வருகிறது. சின்னப் படம் உங்களைக் கிட்டே இழுக்கும், ஒருவர் பார்க்கும்போது இன்னொருவர் பார்க்க முடியாது. பெரிய படத்தில் நீங்கள் பின்னால் போக வேண்டும், பிறகு கிட்டே வந்து மேய வேண்டும்.

இதுவும் புதுசு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் இருந்த லின்னேயஸ் டிரைப், மெட்ராஸ் மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக வேலை பார்த்தபோது, 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை நடந்துகொண்டே எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீளச் சுருளாக்கினார். கிட்டத்தட்ட 19 அடி. அதைப் பார்க்க நீங்களும் நடக்கத்தான் வேண்டும், கோயிலைச் சுற்றுவது மாதிரி.

சுவரே இல்லாமலும் வைப்பார்கள். தயனிதா சிங் என்ற புகைப்படக் கலைஞர் மரத்தில் மடக்கு அலமாரி போல ஒன்று செய்து அதற்குள் படங்களை வைக்கிறார், விரிக்கலாம், மடிக்கலாம், படங்களை மாற்றி மாற்றி வைக்கலாம். அதையே ஒரு மியூசியம் என்று அழைக்கிறார். சென்னையில் ரயில் நிலையம், பூங்கா மாதிரி இடங்களிலும் பியனாலே படங்களை வைத்திருக்கிறது. கட்-அவுட்டும் ஃப்ளெக்ஸும் பார்த்து வளர்ந்த ஊர், தெருவில் பெரிய முகம் தெரிந்தால் யாருக்குப் பிறந்தநாள் என்றுதான் முதலில் கேட்கும். அதையும் மீறி ஒருவரை நிற்க வைக்கிறதா என்பது அந்தப் படத்துக்குச் சரியான பரீட்சை.

வேஷம் போட்டு எடுத்த படம், கம்ப்யூட்டரில் மாற்றிய படம் எல்லாம் வைக்கிறார்களே, அது ஏமாற்று இல்லையா?

செய்திப் படம் என்று சொல்லி மாற்றினால் ஏமாற்று. கலைப் படம் என்று சொல்லிவிட்டுச் செய்தால் ஏமாற்ற என்ன இருக்கிறது?

மேலே சொன்ன டிரைப்பே நெகட்டிவில் வண்ணம் பூசி வானத்தில் மேகம் சேர்த்தவர். அப்போதைய ரசாயனத்தில் வானம் வெள்ளை வெளேரென்று வந்து தொலைக்கும், அவர் கையால் சரிசெய்தார், போட்டோஷாப் வருவதற்கு 130 வருஷத்துக்கு முன்னால். ஜெஃப் வால் என்ற கனடாக்காரர் 1993-ல் ஹொகுசாயின் ஒரு ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியத்தைப் பார்த்து, காற்றில் காகிதங்கள் பறக்கும் ஒரு காட்சியை நடிகர்களை வைத்து மாதக்கணக்கில் எடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கினார். ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கி 1999-ல் ரைன் நதியை எடுத்து, கரையில் இருந்த கட்டடத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு வெறும் பட்டைப் பட்டையான பச்சையும் சாம்பலுமாக வைத்தார். அது 2011-ல் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போனது. விலை நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் புஷ்பமாலாவேதான். புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000-க்கும் 2004-க்கும் இடையில் எடுத்த 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா' வரிசையில் அவரே ரவி வர்மா ஓவியத்துப் பெண்ணாகவும், கட்டம் போட்ட திரைக்கு முன்னால் அளந்து எடுக்கப்பட்ட பழங்குடிப் பெண்ணாகவும் நிற்கிறார். அந்தக் கட்டத் திரை காலனிய அதிகாரிகள் மனிதர்களை அளக்கப் பயன்படுத்தியது. வேஷம் என்று எழுதி ஒட்டாமலே தெரிகிறது. ஆனால் நின்று பார்த்தால் கேள்வி திரும்பி வருகிறது: அந்தக் காலத்து 'உண்மையான' படத்தில் அந்தப் பெண்ணை அப்படி நிறுத்தி வைத்தது மட்டும் வேஷம் இல்லையா?

ஏஐ படங்களும் வருமா?

வந்துவிட்டன. 2023-ல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மன் கலைஞர் ஏஐ உருவாக்கிய படத்தை சோனி உலகப் புகைப்பட விருதுக்கு அனுப்பி ஒரு பிரிவில் ஜெயித்தார், பிறகு பரிசு வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டார், புகைப்படமும் இதுவும் வேறு வேறு என்ற விவாதம் வரட்டும் என்பதற்காக. கண்காட்சியில் லேபிளைப் பாருங்கள், சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வைத்திருந்தால் கேட்கலாம், சத்தமாகவே.

ஏழைகளின் கஷ்டத்தை ஏசி ஹாலில் மாட்டி வைப்பது உறுத்தவில்லையா?

உறுத்தும். உறுத்தட்டும். இதற்குப் பொதுவான பதில் கிடையாது, ஒவ்வொரு வரிசைக்கு முன்னாலும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

நான் பார்ப்பது மூன்று விஷயம். படம் எடுத்தவருக்கும் படத்தில் இருப்பவருக்கும் என்ன உறவு? படத்தில் இருப்பவருக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்களா, அல்லது எடுத்தவர் பெயர் மட்டும்தானா? அவர்கள் இந்த ஹாலுக்கு வந்தால் தங்கள் படத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பார்களா? புகைப்படக்காரர் பழனி குமார் துப்புரவுத் தொழிலாளர்களின் சாவுகளைப் பல வருஷம் ஆவணப்படுத்தியவர், தன் அம்மா மீன் விற்று வாழ்ந்த வாழ்க்கையையும் அதே கேமராவில் எடுத்தவர். அந்தப் படங்களில் பரிதாபம் தேடினால் கிடைக்காது, யார் பொறுப்பு என்ற கேள்விதான் கிடைக்கும். வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரன் ஊரடங்கில் ஊர் திரும்பி, 'ஐ ஃபீல் லைக் எ ஃபிஷ்' என்ற வரிசையில் தன் தலித் குடும்பத்தையும் தன் வீட்டையும் எடுத்தார். நான்காவது பியனாலேயில் 'வானேறும் விழுதுகள்' என்ற குழுக் கண்காட்சியை அடுக்கியவரும் அவரே. இத்தனை காலம் படத்துக்குள் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் கேமராவையும் பிடித்து, எந்தப் படம் எங்கே வர வேண்டும் என்றும் முடிவு செய்யும்போது அறையில் இருக்கும் காற்றே மாறுகிறது.

இதற்கு நேர் எதிரான வரிசைகளும் வரும். கிராமத்துக்கு மூன்று நாள் போய்விட்டு வந்து, சுருக்கம் விழுந்த முகங்களை முரட்டுக் கறுப்பு வெள்ளையில் பெரிசாகப் போட்டு, 'வாழ்வின் ரேகைகள்' மாதிரி ஒரு தலைப்பு. அங்கே நான் நிற்பதில்லை.

இருட்டறையில் வீடியோ ஓடுகிறது, பாதியில் நுழைந்தால் என்ன செய்வது?

எவ்வளவு நேரம் ஓடும் என்று வாசல் லேபிளில் இருக்கும். பத்து நிமிஷத்துக்குள் என்றால் உட்கார்ந்துவிடுங்கள், சுற்றி வந்து தொடங்கிய இடத்துக்கே வரும். நாற்பது நிமிஷம் என்றால் கொஞ்சம் பார்த்துவிட்டு எழுந்து போனால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஹெட்போன் வேலை செய்யாவிட்டால் சொல்லுங்கள், காலையிலிருந்து யாருமே சொல்லாமல் ஊமைப்படமாகவே பார்த்துப் போயிருப்பார்கள்.

நான் போனில் படம் எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம், ஃப்ளாஷ் மட்டும் கூடாது. வெளிச்சம் பிரிண்டை மெல்ல மெல்லத் தின்னும், பழைய பிரிண்ட் வைத்திருக்கும் அறைகளில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் விளக்கே போடுவார்கள், அதனால்தான் மங்கலாக இருக்கிறது, மின்சாரம் மிச்சம் பிடிக்கவில்லை. எழும்பூர் அருங்காட்சியகம் மாதிரி இடங்களில் கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். படத்தை எடுப்பதைவிட லேபிளை எடுங்கள், வீட்டுக்கு வந்து பெயரைத் தேட உதவும். படத்தில் இருப்பவர்களின் முகம் தெரிய ஸ்டேட்டஸ் போடும் முன் கொஞ்சம் யோசியுங்கள், கேலரியில் காட்ட அவர்கள் சம்மதித்திருக்கலாம், உங்கள் சித்தப்பா குடும்ப வாட்ஸாப் குழுவுக்குச் சம்மதித்தார்களா தெரியாது.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. ஒரு சின்னத் தொல்லை, படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டர் உயரத்தில் வருகிற மாதிரி மாட்டுவதுதான் வழக்கம், ஆறு வயதுக் குழந்தைக்கு ஃப்ரேமின் அடிக்கட்டைதான் தெரியும். தூக்கிக் காட்டத் தயாராகப் போங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், படத்தில் என்ன நடக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள். நிர்வாணமோ பிணமோ உள்ள அறைக்கு வெளியே பெரும்பாலும் அறிவிப்பு வைப்பார்கள். வைக்காமலும் விடுவார்கள், அதனால் ஒருவர் முன்னால் எட்டிப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

படம் எடுத்தவரே அங்கே நிற்கிறார். என்ன பேசுவது?

'சூப்பர் சார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அவருக்கும் உங்களுக்கும் ஒன்றும் கிடைக்காது. என்ன கேமரா என்று மட்டும் கேட்காதீர்கள், அதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்திருக்கும். இந்த வரிசையிலிருந்து எந்தப் படத்தைக் கடைசி நேரத்தில் நீக்கினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு ரொம்ப நேரம் பிடிக்கும். திறப்பு விழா மாலையில் போனால் கூட்டத்தில் மனிதர்களைத்தான் பார்ப்பீர்கள், படத்தை இல்லை. சமோசா நன்றாக இருக்கும். படம் பார்க்க வார நாள் மதியம் போங்கள்.

முழுசும் பார்த்தேன், ஒன்றும் பிடிக்கவில்லை. எனக்குத்தான் ரசனை இல்லையா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரிந்தால் நீங்கள் நன்றாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். தலைப்பு ஒன்று சொல்ல, படங்கள் வேறு எங்கோ போகும் கண்காட்சிகள் நிறைய. கருப்பொருள் 'ஆறு' என்றால் தண்ணீர் தெரிகிற எல்லாப் படத்தையும் வாரிப் போட்டிருப்பார்கள். பத்துப் பேரின் படங்களை அடுக்கியும் அவர்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை, ஒரு உறவும் இல்லை என்றால் அது க்யூரேட்டர் செய்யாமல் விட்ட வேலை. கருத்துப் புத்தகத்தில் அதை எழுதிவிட்டு வாருங்கள். 'மிக அருமை, வாழ்த்துகள்' என்று எழுத ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நானும் படம் எடுக்கிறேன். என் படங்களும் இப்படி ஒரு கண்காட்சியில் வர என்ன செய்யணும்?

விழாக்கள் ஓபன் கால் என்று அழைப்பு விடும், அதைக் கவனித்துக்கொண்டிருங்கள். உங்கள் சிறந்த இருபது படங்களை அனுப்பாதீர்கள், ஒரே விஷயத்தைப் பற்றிய பத்துப் படங்களை அனுப்புங்கள், கூடவே நீங்கள் ஏன் அதை எடுத்தீர்கள் என்று இருநூறு சொல்லில் சாதாரணத் தமிழிலோ ஆங்கிலத்திலோ. அதற்கு முன் வீட்டில் தபால் அட்டை அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பி, ஒரு வாரம் அப்படியே விட்டு, நடக்கும்போதெல்லாம் வரிசையை மாற்றிப் பாருங்கள். திரையில் வராத யோசனை தரையில் வரும்.

தேர்வான பிறகு கேட்க வேண்டியவை: பிரிண்டுக்கும் ஃப்ரேமுக்கும் காசு யார் கொடுப்பது, கண்காட்சி முடிந்ததும் பிரிண்ட் யாருக்கு, கலைஞருக்கு ஊதியம் உண்டா, விளம்பரத்துக்குப் படத்தைப் பயன்படுத்தினால் பெயர் போடுவார்களா. எல்லாவற்றையும் மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்' என்று சொல்லிப் பங்கேற்புக் கட்டணமாக ஆயிரக்கணக்கில் கேட்டால், அங்கே நீங்கள் கலைஞர் இல்லை, சுவரை வாடகைக்கு எடுப்பவர். வாடகை கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுவிட்டுப் பதில் அனுப்புங்கள்.